மக்காவைப் படம் பிடித்த மருத்துவர்



வீட்டுப் பிள்ளை முதல் சம்பளம் வாங்கும்போதும், பெருநாள் நெருங்கும்போதும், குடும்பத்தில் ஒருவர் ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ ஆயத்தமாகும்போதும் நம் இல்லங்களில் ஒரு கேள்வி எழுவதுண்டு. எந்தக் கேமரா வாங்கலாம், அதற்கு எந்த லென்ஸ் நல்லது? வாங்கிச் சில மாதங்கள் சென்றதும் இரண்டாவது கேள்வி எழுகிறது. இதை வைத்து எதைத்தான் படம் பிடிப்பது? முதல் கேள்விக்குக் கடைக்காரரே விடை சொல்லிவிடுவார். இரண்டாவதற்கு விடை கிடைக்காததால் பல கேமராக்கள் பீரோவின் மேல்தட்டில் உறங்குகின்றன.

இவ்விரு கேள்விகளும் வரிசை மாறிக் கேட்கப்படுகின்றன என்பது நம் எண்ணம். செய்ய வேண்டிய பணி எதுவெனத் தெரிந்தவருக்கு அதற்குரிய கண்ணாடியைத் தேர்வது பெரிய காரியமன்று. பணி தெரியாதவருக்கோ எத்தனை விலையுயர்ந்த லென்ஸும் பயன்தராது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஹிஜாஸ் மண்ணில் கேமராவைத் தூக்கிச் சென்ற சிலருடைய வரலாறு இதை நன்கு உணர்த்துகிறது. அவ்வரலாற்றில் நம் நெஞ்சை உறுத்தும் செய்தியொன்றும் அடங்கியிருக்கிறது. அதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

இருட்டறையும் கண்ணாடியும்

கேமராவைப் பற்றி முஸ்லிம்கள் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் இப்னுல் ஹைதம் அவர்களிடம்தான் தொடங்கும். பஸராவில் சுமார் 965ஆம் ஆண்டில் பிறந்து, சுமார் 1040இல் கெய்ரோவில் மறைந்தவர் அவர். அவருடைய ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளியியல் நூல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572இல் பாஸல் நகரில் அச்சேறியது. ஐரோப்பிய அறிஞர்கள் பல தலைமுறைகளாக அதைப் பயின்றனர். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் பார்வை உண்டாகிறது என்ற பழங்கருத்தை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதால்தான் நாம் காண்கிறோம் என்று சோதனைகளின் துணையோடு நிலைநாட்டியவர் அவர்.

அத்தகைய பேரறிஞரைப் புகழ்வதற்கு மிகைப்படுத்தல் தேவையில்லை. ஆயினும் அவரே கேமராவைக் கண்டுபிடித்தார் என்றும், ‘கேமரா’ என்பது ‘கமரா’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்றும் பல இடங்களில் எழுதப்படுகிறது. இவ்விரண்டும் சரியல்ல. கேமரா என்பது அறை என்று பொருள்படும் லத்தீன் சொல்; அதன் மூலம் கிரேக்கம். இருட்டறையில் சிறு துளை வழியே வெளிக்காட்சி தலைகீழாக விழும் என்பதும் அவருக்கு முன்பே அறியப்பட்டிருந்தது. அவர் செய்தது அதைவிட அருமையானது. அந்நிகழ்ச்சியை அளந்து, காரணம் கண்டு, விளக்கினார். ஒரு துளைக்கு எதிரே பல விளக்குகளை ஏற்றிவைத்தால் உள்ளே அத்தனை ஒளிப்புள்ளிகள் தனித்தனியே விழுகின்றன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டும் மறைகிறது. ஆகவே ஒளிக்கதிர்கள் ஒரே துளையில் குறுக்கிட்டுச் சென்றாலும் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்று காட்டினார்.

கிரகணத்தின் வடிவம் பற்றி அவர் எழுதிய தனிநூல் படம் எடுப்போருக்கு இன்றும் பயன்படக்கூடியது. சூரியன் பகுதியளவு மறைந்திருக்கும் வேளையில் சிறு துளை வழியே விழும் ஒளி பிறை வடிவில் இருக்கும். துளையைப் பெரிதாக்கினால் அப்பிறை மங்கி, துளையின் வடிவமே தரையில் தெரியும். துளை சிறுத்தால் காட்சி தெளிவாகும், ஒளி குறையும். துளை பெருத்தால் ஒளி கூடும், தெளிவு குன்றும். 2019 டிசம்பர் 26 அன்று திண்டுக்கல், கோவைப் பகுதிகளில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தபோது, மர நிழல்களில் ஆயிரக்கணக்கான சிறு ஒளிவளையங்கள் சிதறிக் கிடந்தன. இலைகளின் இடுக்குகள் ஒவ்வொன்றும் இப்னுல் ஹைதமின் துளையாகச் செயல்பட்டன. கிரகணத் தொழுகையை முடித்து வெளியே வந்தவர்களில் எத்தனை பேர் தரையைக் குனிந்து பார்த்தனரோ!

அவருக்கும் முன்பே, சுமார் 984இல், பாக்தாதில் இப்னு ஸஹ்ல் என்பவர் எரிகண்ணாடிகளைப் பற்றி எழுதிய நூலில் ஒளிவிலகலின் விதியை வடிவகணிதத்தால் கையாண்டுள்ளார். சூரிய ஒளியை ஒரே புள்ளியில் குவிக்க ஒரு கண்ணாடிவில்லை எவ்வாறு வளைந்திருக்க வேண்டும் என்பதே அவருடைய ஆய்வு. சிதறிக் கிடந்த அந்நூலின் ஏடுகளை ஒன்றுசேர்த்து, அதன் பெருமையை 1990இல் உலகுக்கு அறிவித்தவர் வரலாற்றறிஞர் ருஷ்தி ராஷித். ஆக, வில்லையின் கணிதம் ஒருபுறமும் இருட்டறையின் சோதனை மறுபுறமுமாக நம் முன்னோரிடம் இருந்தன. இரண்டையும் சேர்த்து, துளையில் வில்லையைப் பொருத்தியது பதினாறாம் நூற்றாண்டு இத்தாலி. விழுந்த காட்சியை நிலைநிறுத்தும் இரசாயனத்தைப் பிரான்சின் டாகர் 1839இல் உலகறியச் செய்தார். அதே ஆண்டு நவம்பரில் பிரெஞ்சு ஓவியர்கள் அலெக்சாந்திரியாவில் வந்திறங்கி, முஹம்மது அலி பாஷாவின் மாளிகையைப் படம் பிடித்தனர்.

முதல் லென்ஸுகள் மிக மந்தமானவை. போதிய ஒளியை உள்ளே விடாததால், ஒருவருடைய முகத்தைப் பதிவுசெய்ய அவர் பல நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டும். 1840இல் வியன்னாவின் கணிதப் பேராசிரியர் ஜோசப் பெட்ஸ்வால், கணக்கிட்டே வடிவமைத்த ஒரு லென்ஸைத் தந்தார். அது பழையதைவிடப் பதினைந்து மடங்குக்கும் மேல் ஒளியை ஏற்றது. முகப்படங்கள் ஒரு நிமிடத்துக்குள் எடுக்கத்தக்கவை ஆயின. ஆனால் அதற்கொரு குறை உண்டு. நடுப்பகுதி கூர்மையாக இருக்கும், ஓரங்கள் குழையும். முகத்துக்கு அது அழகு, கட்டடத்துக்கோ கேடு. தூண்களும் மினாராக்களும் நேராக நிற்கும் லென்ஸ் வேண்டுமென்ற தேவையை 1866இல் இங்கிலாந்தின் டால்மேயரும் ஜெர்மனியின் ஸ்டைன்ஹைலும் ஒருவரையொருவர் சாராமல் நிறைவேற்றினர். ஒரே மாதிரியான இரு வில்லைத் தொகுதிகளை நடுத்துளையின் இருபுறமும் எதிரெதிரே வைத்தால், ஒன்றின் வளைவுப் பிழையை மற்றொன்று சரிசெய்துவிடும் என்பது அவ்வமைப்பின் நுட்பம். முகத்துக்கு ஒன்று, கட்டடத்துக்கு ஒன்று என்ற பாகுபாடு, ஆக, 160 ஆண்டுகளாக இருந்துவருகிறது.

கர்னல் சாதிக் பே

1861இல் எகிப்தியப் படையின் பொறியாளர் ஒருவர் செங்கடல் கரையிலுள்ள அல்வஜ்ஹ் துறையிலிருந்து மதீனா நோக்கிப் புறப்பட்டார். அவர் பெயர் முஹம்மது சாதிக். பின்னாளில் பே, பாஷா என்ற பட்டங்களைப் பெற்றவர். கெய்ரோவிலும் பாரிஸிலும் கல்வி கற்றவர். பாதையை அளப்பது, தட்பவெப்பத்தைக் குறிப்பது, தங்குமிடங்களையும் நீர்நிலைகளையும் பதிவுசெய்வது ஆகியவை அவருக்கு இடப்பட்ட பணிகள். அளவைக் கருவிகளோடு ஒரு கேமராவையும் அவர் எடுத்துச் சென்றார். மதீனாவை முதன்முதலில் படம் பிடித்தவர் என்று வரலாறு அறிந்திருப்பது அவரைத்தான்.

அன்றைய படமெடுப்பு எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசையை ஊற்றிப் பரப்பி, அதை வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் கேமராவில் செருகிப் படமெடுத்து, உடனே இருட்டுக் கூடாரத்துக்குள் கொண்டுசென்று உருத்துலக்க வேண்டும். எல்லாம் சில நிமிடங்களுக்குள் முடிய வேண்டும். ஹிஜாஸின் வெயிலில் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும்? தூசி படிந்தால் தகடு பாழ். குடிநீரே அரிதான பாதையில் தகடு கழுவவும் நீர் வேண்டும். ஒட்டகத்தின் அசைவில் கண்ணாடிகள் உடையாமல் இருக்க வேண்டும். இத்தனையையும் தாங்கி எடுக்கப்பட்ட படங்கள் மிகச் சிலவே. அத்தகடுகள் நீலநிற ஒளியை மிகுதியாக ஏற்பவை. அதனால் நீலவானம் படத்தில் வெறும் வெண்மையாகப் பதியும். அக்காலப் படங்களில் மேகமே தென்படாததற்கு இதுவே காரணம்.

சாதிக் பேயின் படங்களை அழகுக்காக மட்டும் பார்ப்பவர் அவருடைய சிறப்பைத் தவறவிடுவார். அவர் ஓர் அளவையாளர். எங்கே நின்றால் எதெல்லாம் தெரியும் என்று கணக்கிட்டு நின்றவர். மதீனாவின் தோற்றத்தை எடுக்க அவர் தேர்ந்த இடம் நகரின் படைக்கலக் கொட்டிலின் கூரை. அங்கிருந்துதான் புனிதக் குப்பாவும் மினாராக்களும், அவற்றோடு மனாகா வெளியின் ஒரு பகுதியும் ஒருசேரத் தெரியும். ஒரே தகட்டில் அடங்காத காட்சியைப் பல தகடுகளில் அடுத்தடுத்து எடுத்து ஒட்டி, நீண்ட பனோரமாவாக ஆக்கினார். இன்று நம் கைப்பேசி ஒரு நொடியில் செய்வதை அவர் கேமராவைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஓரம் ஓரத்தோடு பொருந்தும்படி கணக்கிட்டுச் செய்தார்.

1880இல் அவர் மீண்டும் சென்றார். இம்முறை எகிப்திலிருந்து ஆண்டுதோறும் புறப்படும் மஹ்மல் ஊர்வலத்தின் பொருளாளர் என்ற பொறுப்பில். மக்காவின் ஹரம் ஷரீஃபையும், கஅபாவைச் சூழ்ந்து அணிவகுத்த தொழுகையாளிகளையும், கஅபாவின் சாவியைக் காக்கும் ஷைபி குடும்பத்தின் ஷெய்கையும் படம் பிடித்தார். 1881இல் வெனிஸ் நகரில் நடந்த புவியியல் கண்காட்சியில் அவருடைய படங்களுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. பதக்கத்தைவிட மேலானவையாக நாம் கருதுவது அவர் எழுதிய நூல்களைத்தான். ‘மஷ்அலுல் மஹ்மல்’, ‘கவ்கபுல் ஹஜ்’, ‘தலீலுல் ஹஜ்’ என்று பயணவழி, தூரம், செலவு, நீர், நோய்த் தடுப்புமுகாம் அனைத்தையும் ஹாஜிகளுக்கு உதவும்படி எழுதிவைத்தார். படமும் குறிப்பும் அவரிடம் பிரியாமல் இருந்தன.

இவ்விடத்தில் ஒரு வினா எழும். உருவப்படம் கூடுமா? உயிருள்ளவற்றின் உருவம் வரைவதைக் கண்டிக்கும் நபிமொழிகளின் அடிப்படையில், கேமராவின் படத்தையும் அதே விலக்கில் சேர்த்த உலமாக்கள் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷெய்க் முஹம்மது பகீத் அல்முதீஈ இதற்கெனத் தனி நூலே எழுதினார். கேமரா புதிதாக எதையும் படைப்பதில்லை, அல்லாஹ் படைத்ததன் நிழலைப் பிடித்து நிறுத்துகிறது, அவ்வளவே என்பது அவருடைய வாதம். கண்ணாடியில் தெரியும் பிம்பம் நிலைத்துவிட்டதைப் போன்றது என்று பொருள். எந்தக் கருத்தைப் பின்பற்றுவது என்பதை அவரவர் தம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவதே முறை. ஆனால் உருவங்களைத் தவிர்க்க விரும்புவோருக்குப் படக்கலையே இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். சாதிக் பேயின் படங்களில் பெரும் பகுதி கட்டடங்களும் நிலக்காட்சிகளுமே.

தபீபு மக்கா

இனி, நாம் முன்னர்க் குறிப்பிட்ட அந்த உறுத்தலான செய்தி.

1884இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்னூக் ஹர்க்ரோன்யே என்ற இளம் அறிஞர் ஜித்தா வந்து சேர்ந்தார். இஸ்லாத்தை ஏற்றதாக அறிவித்து, அப்துல் கஃப்ஃபார் என்று பெயர் சூடி, 1885 பிப்ரவரியில் மக்காவுக்குள் நுழைந்தார். அவருடைய ஈமானின் உண்மையைப் பற்றி அறிஞர்கள் இன்றும் விவாதிக்கின்றனர். உள்ளத்தை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. நாம் அதற்குள் புகவில்லை. மக்காவில் அவருக்கு ஒரு மருத்துவருடன் நட்பு ஏற்பட்டது. அம்மருத்துவரின் பெயரும் அப்துல் கஃப்ஃபார்தான். அஸ்ஸய்யித் அப்துல் கஃப்ஃபார். இந்தப் பெயர் ஒற்றுமை பின்னாளில் பல குழப்பங்களுக்கு இடமளித்தது. மருத்துவரின் இல்லத்தில் படம் எடுக்கும் ஏற்பாடு அமைந்தது. ஸ்னூக் அவருக்கு அக்கலையைக் கற்பித்தார்.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்னூக் மக்காவை விட்டு வெளியேற்றப்பட்டார். கேமரா மக்காவிலேயே தங்கியது. மருத்துவர் தொடர்ந்து படம் எடுத்தார். மக்காவில் பிறந்து, மக்காவிலேயே வாழ்ந்தவர். நோயாளிகளாக வருவோர், அண்டை வீட்டார், பல நாடுகளிலிருந்து வந்த ஹாஜிகள் எல்லோரும் அவரை அறிவர். அவர் முன்னே அமர்ந்தவர்கள் அந்நியரின் முன் அமர்ந்தவர்களைப் போல விறைத்திருக்க வேண்டியதில்லை. படங்களை அவர் ஜித்தாவிலிருந்த நெதர்லாந்துத் தூதரகத்தின் வழியே லைடன் நகருக்கு அனுப்பினார். தம் நெகட்டிவ் தகடுகளில் அழகிய அரபு எழுத்தில் ‘ஃபுத்துக்ராஃபிய்யத்துஸ் ஸய்யித் அப்துல் கஃப்ஃபார், தபீபு மக்கா’ என்று கையொப்பமிட்டார். இது மக்காவின் மருத்துவர் அப்துல் கஃப்ஃபார் எடுத்த படம் என்பது அதன் பொருள். மக்காவைப் படம் பிடித்த முதல் மக்காவாசியாக இன்று அறியப்படுபவர் அவரே.

ஸ்னூக் தம் புகழ்பெற்ற மக்கா நூலோடு 1888இலும் 1889இலும் படத்தொகுப்புகளை வெளியிட்டார். 1889இல் வெளிவந்த தொகுப்பில் மருத்துவரின் படங்கள் பெரும்பங்கு வகித்தன. அவருடைய கையொப்பமோ அழிக்கப்பட்டிருந்தது. தாம் படமெடுக்கக் கற்பித்த ஒரு மருத்துவர் என்ற அளவில்தான் அவரைப் பற்றிய குறிப்பு இருந்தது, பெயர் இல்லை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் அப்படங்கள் ஸ்னூக்கின் படங்களாகவே உலகில் பேசப்பட்டன. கையொப்பம் அழியாத மூலப்படங்கள் லைடன் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்ததால்தான் பிற்கால ஆய்வாளர்கள் மருத்துவருக்கு அவருடைய பெயரைத் திருப்பித் தர முடிந்தது.

மருத்துவரைப் பற்றி வேறு செய்திகள் அதிகம் இல்லை. அவர் தம் தகடுகளின் ஓரத்தில் அந்த ஒரு வரியை எழுதாதிருந்தால் இந்த அளவும் கிடைத்திருக்காது. நம் சமுதாயத்தின் பழைய படங்களில் எத்தனை, எடுத்தவர் பெயரும் இருப்பவர் பெயரும் இன்றிப் பிறருடைய தொகுப்புகளில் கிடக்கின்றனவோ, அல்லாஹ்வே அறிவான்.

படம் எவர் கையில் இருக்கிறது என்பதன் ஆற்றலை ஆட்சியாளர்களும் உணர்ந்திருந்தனர். உஸ்மானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத், தம் நாட்டைப் பற்றி ஐரோப்பாவில் பரவியிருந்த மயக்கம் தரும் சித்திரங்களுக்கு மாற்றாக, பள்ளிக்கூடங்கள், மருத்துவமனைகள், தொழிற்சாலைகள், மாணவ மாணவியர் ஆகியவற்றின் 1,800க்கும் மேற்பட்ட படங்களை 51 ஆல்பங்களாக்கி அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸுக்கு அனுப்பினார். பிரிட்டனுக்கும் ஒரு தொகுதி சென்றது. எடுத்தவர்களுள் ஆர்மீனியக் கிறிஸ்தவர்களான அப்துல்லாஹ் சகோதரர்களும் உண்டு, படைத்துறையைச் சேர்ந்த முஸ்லிம் படப்பிடிப்பாளர்களும் உண்டு. அரசின் பெருமையைக் காட்டும் நோக்கம் அதில் வெளிப்படையாகவே தெரிகிறது. இருந்தாலும், பாடப் புத்தகத்தைக் கையில் ஏந்தி நிற்கும் அப்பிள்ளைகளின் முகங்கள் வேறெங்கும் கிடைக்காதவை.

நம் துணைக்கண்டத்திலிருந்து டெல்லி சாந்தினி சௌக்கின் எச்.ஏ. மிர்ஸா அண்ட் சன்ஸ் நிறுவனத்தார் 1907 அளவில் மக்கா, மதீனா, மினா, அரஃபா ஆகிய இடங்களைப் படம் பிடித்து உருது விளக்கங்களோடு வெளியிட்டனர். ஹஜ்ஜுக்குச் செல்ல வசதியற்ற குடும்பங்களுக்கு அப்படங்கள் பெரும் ஆறுதலாக இருந்திருக்கும். எகிப்தின் இப்ராஹீம் ரிஃப்அத் பாஷா 1901 முதல் 1908 வரை நான்குமுறை மஹ்மலோடு சென்று எடுத்த நூற்றுக்கணக்கான படங்களை ‘மிர்ஆத்துல் ஹரமைன்’ என்ற இரு பாகங்களில் 1925இல் அச்சிட்டார். பிற்கால விரிவாக்கத்தில் உருமாறிப்போன எத்தனையோ தூண்களையும் தெருக்களையும் இன்று அந்நூலில்தான் காண முடியும்.

நம் ஊரில் நம் பணி

இனி முதலில் எழுந்த கேள்விக்குத் திரும்புவோம். தெற்கே கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில், கல்தூண்களும் கல்கூரையுமாகத் திராவிடக் கட்டடக் கலையில் எழுந்த பள்ளிவாசல்கள் உள்ளன. சில இடங்களில் பழையதை இடித்துவிட்டுப் புதியது கட்டப்படுகிறது. ஜமாஅத் பெருகும்போது இடம் போதாது. அதைக் குறை கூறுவதற்கில்லை. இடிக்கும் முன் ஒரு வாரம் ஒருவர் கேமராவோடு சென்றால் போதும். தூண்களின் பூவேலை, ஹவுழின் படிகள், மிம்பர், மிஹ்ராபின் எழுத்துகள் ஒவ்வொன்றையும் முறையாகப் பதிவுசெய்துவிடலாம். இதற்கு 24 மில்லிமீட்டர் அளவிலான அகல லென்ஸ் உதவும். ஆனால் கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் தூண்கள் ஒன்றையொன்று நோக்கிச் சரிவது போலத் தோன்றும். கேமராவை மட்டமாக வைத்துப் பின்னால் தள்ளி நிற்பதோ, சாதிக் பேயைப் போல எதிரிலுள்ள மாடிக்கு ஏறுவதோ நல்லது. உட்புறம் இருட்டாக இருப்பதால், எஃப்/1.4 என்று விலையேறிய லென்ஸை வாங்கத் தோன்றும். தூண் ஓடிப்போவதில்லை. ஒரு முக்காலியும் இரண்டு நொடிப் பொறுமையும் அந்த லென்ஸின் வேலையைச் சிறு செலவில் செய்துவிடும். துளையைச் சுருக்கி எஃப்/8 அளவில் எடுத்தால் முன்தூணும் பின்தூணும் ஒருங்கே தெளிவாக இருக்கும். இப்னுல் ஹைதம் துளையை வைத்துக் கண்டதும் இதற்கு அயலானதன்று.

பழைய வீடுகளின் பரண்களில் அரபுத்தமிழ்ச் சுவடிகளும் அச்சுநூல்களும் கரையான் வாய்ப்பட்டுக் கிடக்கின்றன. அரபு எழுத்தில் தமிழ் எழுதிய அவ்வேடுகளைச் சரளமாகப் படிக்க வல்ல மூத்தவர்கள் குறைந்துவருகிறார்கள். இவற்றைப் படமெடுக்க 50 அல்லது 60 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் தக்கது. அது ஓரம் வரை எழுத்தை வளைக்காமல் காட்டும். ஏட்டுக்கு நேர்மேலே கேமராவை நிறுத்தி, சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, ஃப்ளாஷைத் தவிர்த்து, பக்க எண் வரிசைப்படி எடுக்க வேண்டும். மையவாடியில் உள்ள பழைய மீசான் கற்களுக்கும் பக்கவெளிச்சமே ஏற்றது. நடுப்பகலில் தேய்ந்த எழுத்து கண்ணுக்கே தெரியாது. காலை இளவெயில் சாய்வாக விழும்போது அதே எழுத்து நிழலோடு எழுந்து நிற்கும்.

மனிதர்களைப் படமெடுக்க விரும்புவோர் லென்ஸைவிடத் தூரத்தைப் பற்றி அதிகம் எண்ண வேண்டும். கைப்பேசியை முகத்தருகே கொண்டுசென்றால் மூக்கு பெருத்துக் காதுகள் பின்வாங்கும். அது லென்ஸின் குற்றமன்று, மிக அருகே நின்றதன் விளைவு. ஆறேழு அடி தள்ளி நின்று 85 மில்லிமீட்டரில் எடுத்தால் முகம் இயல்பாக அமையும். நீண்ட டெலிலென்ஸ் வேறு வகை. தொலைவில் நின்றுகொண்டு, படமெடுக்கப்படுபவர் அறியாமலேயே அவரை நெருங்கிவிடும் ஆற்றல் அதற்கு உண்டு. துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கும் இறைவசனம் (49:12) நினைவில் உள்ளவர்களுக்கு அந்த ஆற்றல் அச்சத்தைத் தர வேண்டும். தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருக்கும் முதியவரோ, துஆவில் அழுகின்ற பெண்ணோ நம் ‘கலைப்படைப்பு’க்காக அங்கே அமர்ந்திருக்கவில்லை. 35 அல்லது 50 மில்லிமீட்டர் லென்ஸை மட்டும் கையில் வைத்திருப்பவர் அருகில் சென்று ஸலாம் சொல்லி, அனுமதி கேட்டே ஆக வேண்டும். அதனால்தான் குடும்பத்தின் முதல் லென்ஸாக அவ்விரண்டில் ஒன்றை நாம் பரிந்துரைக்கிறோம். பெண்களின் படங்கள் யார் கையில் இருக்கும், எங்கே பகிரப்படும் என்பதை எடுக்கும் முன்பே பேசி முடிவுசெய்துகொள்வது நன்று.

முகமின்றியும் மனிதரைச் சொல்லும் பணிகள் உண்டு. ரமலான் முப்பது நாளும் நோன்புக் கஞ்சி காய்ச்சும் கைகள், பாய் நெய்வோரின் விரல்கள், தொப்பி தைக்கும் ஊசி, பிள்ளைக்கு அலிஃப் காட்டும் மதரஸா ஆசிரியரின் சுட்டுவிரல் என ஒரே பொருளை ஓராண்டு முழுதும் தொடர்ந்து எடுத்தால், அவ்வாண்டின் முடிவில் ஒரு தெருவின் வரலாறே சேர்ந்திருக்கும்.

எடுத்தபின் செய்ய வேண்டிய வேலையில்தான் நம்மவர் பெரும்பாலும் தளர்ந்துவிடுகிறார்கள். கைப்பேசியில் பத்தாயிரம் படங்கள் இருக்கும். ஒன்றுக்கும் பெயர் இராது. ஒவ்வொரு பணிக்கும் ஒரு கோப்புறை, அதனுள் ஊர், இடம், நாள், இருப்பவர் பெயர், எடுத்தவர் பெயர் ஆகியவற்றைத் தமிழிலேயே எழுதிய ஒரு சிறு குறிப்பு, வேறொரு வீட்டில் ஒரு நகல். இவ்வளவே போதும். சிறந்த இருபது படங்களையாவது தாளில் அச்சிட்டு வைக்க வேண்டும்.

புதிதாக எதையும் வாங்காமல் இந்த வெள்ளிக்கிழமையே தொடங்கக்கூடிய பணி ஒன்று உண்டு. வீட்டின் பழைய ஆல்பத்திலிருந்து ஒரு திருமணக் குழுப்படத்தையோ, ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட நாளில் வாசலில் எடுத்த படத்தையோ வெளியே எடுத்து, நன்னாவிடமோ பெரியம்மாவிடமோ கொடுத்து, இடமிருந்து வலமாக ஒவ்வொருவர் பெயரையும் கேட்டுப் படத்தின் பின்புறம் எழுத வேண்டும். பேனாவால் எழுதினால் மை நாளடைவில் முன்பக்கம் ஊறிவிடும். மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், ஓரத்தில் எழுதுங்கள்.